புரோக்கர் வைத்து வீடு விற்றால் கையில் எவ்வளவு நிற்கும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டில், முக்கியமாகச் சென்னையிலும் அதைச் சுற்றியும், பழைய வீட்டையோ ஃபிளாட்டையோ புரோக்கர் மூலம் விற்கிறவர்களுக்காக இது. பில்டர் புதிதாகக் கட்டி விற்கும் கணக்கு வேறு, அதற்குள் போகவில்லை. எண்களைப் புரிந்துகொள்ள வசதியாக எல்லா இடத்திலும் ஒரே உதாரணம்தான்: 80 லட்சத்துக்கு விலைபோகும் ஒரு ஃபிளாட்.

விற்பவர் புரோக்கருக்கு எவ்வளவு கொடுப்பது வழக்கம்?

1 முதல் 2 சதவீதம். 80 லட்சத்துக்கு 1 சதவீதம் என்றால் 80,000 ரூபாய், 2 சதவீதம் என்றால் 1,60,000. இரண்டு மூன்று கோடிக்குப் போகும் தனி வீடு என்றால் 1 சதவீதத்துக்கும் கீழே பேசி முடிப்பவர்கள் உண்டு. 20 லட்சத்துக்கு விற்கும் புறநகர் மனைக்கு 2 சதவீதத்துக்குக் கீழே இறங்க மாட்டார்கள். அதுவும் நியாயம்தான். அலைச்சல் இரண்டுக்கும் ஒன்றே, ஆனால் ஒரே சதவீதம் என்றால் கிடைப்பது பத்தில் ஒரு பங்கு.

இந்த ரேட்டை அரசு நிர்ணயித்திருக்கிறதா?

இல்லை. "2 பர்சன்ட் கவர்ன்மென்ட் ரேட் சார்" என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு அடுத்த பேச்சுக்குப் போங்கள். கமிஷன் என்பது உங்களுக்கும் அவருக்கும் இடையிலான பேச்சு, அவ்வளவே. பேசி முடிக்கவில்லை என்றால் ஊர் வழக்கம் என்ன என்ற வாதத்தில் போய் நிற்கும்.

இணையத்தில் 5, 6 சதவீதம் என்று படித்தேனே?

அது அமெரிக்கா. அங்கே வீடு விற்பவரே தன் ஏஜென்ட், வாங்குபவரின் ஏஜென்ட் இருவருக்கும் சேர்த்துக் கொடுப்பது நெடுங்கால வழக்கம். 2024இல் அந்த நாட்டு ரியல் எஸ்டேட் ஏஜென்ட்களின் தேசியச் சங்கம் ஒரு வழக்கில் 41.8 கோடி டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது. அதன்பின் அந்த வழக்கத்தின் விதிகள் மாறின. நம் ஊரில் ஆரம்பத்திலிருந்தே விற்பவர் தனி, வாங்குபவர் தனி.

அப்படியானால் புரோக்கர் இரண்டு பக்கமும் வாங்குகிறார். அது சரியா?

வழக்கம் அது. ஒளிக்காமல் செய்தால் தப்பு என்று சொல்ல முடியாது. ஆனால் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் பணம் வாங்கும் புரோக்கருக்கு விலை கூடுவதைவிட வியாபாரம் முடிவதுதான் முக்கியம்.

கணக்குப் போட்டால் புரியும். வாங்க வந்தவர் 75 லட்சத்தில் நிற்கிறார், நீங்கள் 80இல் நிற்கிறீர்கள். நீங்கள் 5 லட்சம் இறங்கினால் 2 சதவீதக் கமிஷனில் புரோக்கருக்குக் குறைவது வெறும் 10,000 ரூபாய். உங்களுக்குக் குறைவது 4,90,000. அந்த 10,000க்காக அவர் இன்னும் மூன்று மாதம் வேறு பார்ட்டி தேடி அலைவாரா? "சார், இதுக்கு மேல இந்த ஏரியாவுல போகாது, வந்த லட்சுமியைத் திருப்பி அனுப்பாதீங்க" என்பார். அவர் கெட்டவர் என்று அர்த்தமில்லை. அவர் நிற்கும் இடத்திலிருந்து பார்த்தால் அதுதான் சரியான முடிவு. நீங்கள் நிற்கும் இடம் வேறு.

அதனால்தான், ஒன்றா இரண்டா என்று கமிஷன் சதவீதத்தில் மல்லுக்கட்டுவதைவிட விலையில் கவனம் வைப்பது லாபம் என்கிறேன். கமிஷனில் 1 சதவீதம் குறைத்தால் 80,000 மிச்சம். விலையில் அவசரப்பட்டு இறங்கினால் லட்சங்கள் போகும். பக்கத்துத் தெருவில் என்ன விலைக்குப் போனது என்று புரோக்கரிடம் மட்டும் கேட்காமல், அண்மையில் வாங்கியவர்கள் இரண்டு மூன்று பேரிடம் நேரில் விசாரியுங்கள்.

"உங்களுக்கு 75 வந்தா போதும்ல, மேல வர்றதை நான் பார்த்துக்கறேன்" என்கிறார். ஒத்துக்கொள்ளலாமா?

வேண்டாம். கேட்கும்போது "கமிஷனே இல்லை" என்பதுபோல இனிக்கும். உண்மையில் இதுதான் இருப்பதிலேயே விலை கூடிய ஏற்பாடு. 75க்கு நீங்கள் தலையாட்ட, வாங்குபவரிடம் 80 என்று பேசி, நடுவில் 5 லட்சம் அவர் பாக்கெட்டில் விழும். 6 சதவீதத்துக்கும் மேல்.

வரிச் சிக்கலும் உண்டு. அந்த 5 லட்சம் பத்திரத்தில் வராமல் ரொக்கமாகப் போனால் விலை குறைத்துக் காட்டிய பத்திரத்தில் உங்கள் கையெழுத்து இருக்கும். பத்திரத்தில் 80 என்றே எழுதினால் 80க்கும் கணக்குச் சொல்ல வேண்டியவர் நீங்கள்.

சட்டம் இதில் உங்கள் பக்கம்தான். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் ஏஜென்சி என்றே ஓர் அத்தியாயம் இருக்கிறது. முதலாளிக்கு (இங்கே நீங்கள்) தெரியாமல் ஏஜென்ட் (இங்கே புரோக்கர்) தன் சொந்தக் கணக்கில் வியாபாரம் செய்து லாபம் பார்த்தால், அந்த லாபத்தை முதலாளி கேட்டு வாங்கலாம் என்கிறது பிரிவு 216. ஏஜென்சி வேலையில் முறைகேடு செய்தவருக்கு அந்த வேலைக்கான கூலி கிடையாது என்கிறது பிரிவு 220. ஆனால் "மேல வர்றதை நீங்களே வச்சுக்கோங்க" என்று நீங்களே சொல்லிவிட்டால் அந்தப் பிடி போய்விடும். வாங்குபவரை நேரில் சந்திக்காமல் விலையை முடிக்காதீர்கள். சந்திக்க விடாமல் இழுத்தடிக்கும் புரோக்கர் நடுவில் ஏதோ வைத்திருக்கிறார் என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

கமிஷனை எந்தக் கட்டத்தில் கொடுக்க வேண்டும்? அக்ரிமெண்ட் போட்டவுடன் பாதி கேட்கிறாரே?

அதிகம் சண்டை வருவது இங்கேதான். புரோக்கர்கள் பொதுவாக அக்ரிமெண்ட் அன்று பாதி, பத்திரப் பதிவு அன்று மீதி என்பார்கள். சிலர் அட்வான்ஸ் கைமாறிய அன்றே முழுவதும் கேட்பார்கள்.

தனியாகப் பேசி முடித்த ஒப்பந்தம் எதுவும் இல்லாவிட்டால், ஒப்படைத்த வேலை முடிந்த பிறகுதான் ஏஜென்டின் கூலி கொடுபடும் என்பது மேலே சொன்ன சட்டத்தின் பிரிவு 219. ஆனால் "வேலை" என்பது எது என்பதில்தான் வழக்கே. பார்ட்டியைக் கூட்டி வந்ததா, அக்ரிமெண்ட் போட்டதா, பத்திரம் பதிந்ததா? முன்கூட்டியே எழுதாவிட்டால் அவர் முதலாவதைச் சொல்வார், நீங்கள் மூன்றாவதைச் சொல்வீர்கள்.

என் யோசனை: பத்திரம் பதிவாகி, முழுத் தொகையும் உங்கள் வங்கிக் கணக்கில் ஏறிய அன்று கமிஷன். அவர் ஒத்துக்கொள்ளாவிட்டால் அக்ரிமெண்ட் அன்று கால் பங்கு, அதுவும் வியாபாரம் முறிந்தால் திருப்பித் தரும் நிபந்தனையோடு. அதற்கு மேல் போக வேண்டாம். அக்ரிமெண்டுக்கும் பதிவுக்கும் நடுவில் வாங்குபவருக்கு வங்கிக் கடன் கிடைக்க வேண்டும், வக்கீல் ஆவணம் பார்க்க வேண்டும். நிறைய வியாபாரம் முறிவது அந்த இடைவெளியில்தான். முழுக் கமிஷனையும் வாங்கிவிட்ட புரோக்கர் அந்த நாட்களில் போன் எடுக்க மாட்டார்.

வாங்குபவர் பின்வாங்கினால் அட்வான்ஸில் புரோக்கருக்குப் பங்கு உண்டா?

நீங்கள் ஒத்துக்கொண்டிருந்தால் மட்டும். இல்லாவிட்டால் கிடையாது. அட்வான்ஸை நீங்கள் முழுதாக வைத்துக்கொள்ள முடியுமா என்பதே அக்ரிமெண்டில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. "டோக்கன் அட்வான்ஸ்" என்ற பெயரில் புரோக்கர் தன் கணக்கில் பணம் வாங்குவதை அனுமதிக்காதீர்கள். பிறகு திருப்பிக் கொடுக்கும் பஞ்சாயத்து உங்கள் வாசலுக்குத்தான் வரும்.

ஒரு புரோக்கரிடம் சொன்னேன், நாலு பேர் வந்து நிற்கிறார்கள். எல்லோருக்கும் கொடுக்க வேண்டுமா?

நீங்கள் பேசியது ஒருவரிடம் என்றால் கொடுப்பதும் ஒருவருக்கே. வாங்குபவர் பக்கத்து ஆள், இடையில் போன் நம்பர் கொடுத்தவர், தெரு முனை டீக்கடைக்காரர் எல்லோருக்கும் அவர்தான் தன் பங்கிலிருந்து பிரித்துக்கொடுக்க வேண்டும். பதிவு அன்று சார்பதிவாளர் அலுவலக வாசலில் புது முகங்கள் முளைப்பது சகஜம். "நான்தான் முதல்ல பார்ட்டிய காட்டினேன்" என்பார்கள். யார் யாரைக் கூட்டி வந்தார்கள் என்று தேதியோடு உங்கள் போனில் குறித்து வைத்திருந்தால் பேச்சு அங்கேயே முடியும்.

புரோக்கர் காட்டிய ஆள் நாலு மாதம் கழித்து நேரடியாக என்னிடம் வந்தால்?

அறிமுகம் அவருடையது, அதன் பலனாகத்தான் வியாபாரம் நடந்தது என்றால் அவர் கமிஷன் கேட்பதில் நியாயம் உண்டு. காலக்கெடு எழுதி வைத்திருந்தால் குழப்பமில்லை. வாங்குபவரோடு சேர்ந்து அவரைக் கழற்றிவிடும் யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள். தெருவில் அடுத்த வீடு விற்பவருக்கும் அதே புரோக்கர்தான் வருவார், ஊர்ப் பேச்சு நிற்காது.

கமிஷனுக்கு மேல் ஜிஎஸ்டி 18 சதவீதம் கேட்கிறார். உண்மையா?

ஜிஎஸ்டி பதிவு பெற்றவர் என்றால் உண்மை. 1,60,000 கமிஷனுக்கு 28,800 கூடி 1,88,800 ஆகும். ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டாத சேவை வழங்குபவர் பதிவு செய்யத் தேவையில்லை. பதிவு இல்லாதவர் ஜிஎஸ்டி என்ற பெயரில் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. பில்லில் 15 எழுத்து எண் இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் பதிந்தது என்றால் 33 என்று தொடங்கும். ஜிஎஸ்டி இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டால் யார் பெயரில் இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

பேச்சு முடியும்போதே "ஜிஎஸ்டி சேர்த்தா, தனியா?" என்று கேட்டுவிடுங்கள். இந்த ஒரு கேள்வியைக் கேட்காததால் 28,800 ரூபாய்க்குக் கடைசி நாளில் முகம் சுளித்தவர்கள் நிறைய.

பில் இல்லாமல் ரொக்கமாகக் கொடுத்தால் கமிஷனைக் குறைக்கிறேன் என்கிறாரே?

குறைப்பதில் கிடைப்பதைவிட வரியில் இழப்பது கூடுதலாக இருக்கலாம். வீட்டை விற்பதற்காக மட்டுமே செய்த செலவை விற்பனைத் தொகையிலிருந்து கழித்துவிட்டுத்தான் மூலதன ஆதாயத்தை, அதாவது வரி கட்ட வேண்டிய லாபத்தை, கணக்கிட வேண்டும். கமிஷன் அதில் அடங்கும். பில்லும் வங்கிப் பரிமாற்றமும் இருந்தால் ஆடிட்டர் தயங்காமல் கழிப்பார். "ரொக்கமா குடுத்தேன் சார்" என்று வாயால் சொன்னால் கழிக்க மாட்டார்.

வாங்குபவரிடம் பாதியை ரொக்கமாக வாங்கச் சொல்கிறார் புரோக்கர். வரி மிச்சமாம்.

வீடு விற்பனைக்கான அட்வான்ஸையோ தொகையையோ 20,000 ரூபாய் அல்லது அதற்கு மேல் ரொக்கமாக வாங்குவதற்கு 2015 ஜூன் முதல் தடை. மீறினால் வாங்கிய தொகை எவ்வளவோ அதே அளவு அபராதம் விதிக்க முடியும். 30 லட்சம் ரொக்கம் வாங்கினால் 30 லட்சம் அபராதம். அப்புறம் அந்தப் பணத்தை வங்கியிலும் போட முடியாது, அடுத்த வீடு வாங்கி வரிவிலக்குக் கேட்கவும் முடியாது. இந்த யோசனையைச் சொல்லும் புரோக்கருக்கு அபராதத்தில் பங்கு கிடையாது.

அரசு உங்கள் இடத்துக்கு நிர்ணயித்திருக்கும் வழிகாட்டி மதிப்பையும் பார்க்க வேண்டும். பத்திர விலையைவிட வழிகாட்டி மதிப்பு 10 சதவீதத்துக்கு மேல் கூடுதலாக இருந்தால், நீங்கள் வாங்காத அந்தக் கூடுதல் தொகைக்கும் சேர்த்து வரி கணக்கிடுவார்கள்.

புரோக்கர் ரெராவில் (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிந்தவராக இருக்க வேண்டுமா?

2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டப்படி, ரெராவில் பதிவான திட்டங்களில் உள்ள வீடு, மனைகளை விற்றுத்தரும் ஏஜென்ட்கள் பதிவு செய்திருக்க வேண்டும். உங்கள் இருபது வருடத் தனி வீட்டை விற்றுத்தர வரும் தெரு புரோக்கருக்கு அந்தக் கட்டாயம் பொருந்தாது. ஆனாலும் பதிவு எண் உள்ளவர் என்றால் பெயர், முகவரி ஓர் இடத்தில் பதிவாகியிருக்கும், பில் கொடுப்பார். ஒரே சதவீதம் கேட்கும் இருவரில் நான் அவரைத்தான் தேர்வேன்.

பத்திரச் செலவு யார் தலையில்?

வாங்குபவர் தலையில். தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம். பதிவுக் கட்டணம் 4 சதவீதமாக இருந்தது, 2023 ஏப்ரலில் 2 ஆகக் குறைந்தது. மொத்தம் 9 சதவீதம். 80 லட்சத்துக்கு 7,20,000. இது உங்கள் செலவு இல்லை என்றாலும் வாங்க வருபவரின் மனதில் இருக்கும் விலையில் இது சேர்ந்தே இருக்கும். அவர் பேரம் பேசும்போது "மொத்தம் 90 ஆகுது சார்" என்பது இந்தக் கணக்கைத்தான். பத்திர எழுத்தர் கூலியும் பொதுவாக வாங்குபவருடையதே.

பதிவு அன்று "ஆபீஸ் செலவு" என்று ஒரு தொகையை விற்பவரிடமும் கேட்கும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. தீர்வையும் கட்டணமும் பதிவுத் துறையின் இணையதளம் வழியாகச் செலுத்தப்படுபவை. ரசீது இல்லாத தொகைக்கு "எதுக்கு?" என்று கேளுங்கள். பாதி நேரம் அந்தக் கேள்வியிலேயே தொகை குறைந்துவிடும்.

விற்பதற்கு முன்னால் ஆவணங்களுக்கு என்ன செலவாகும்?

எல்லாம் சீராக இருந்தால் கொஞ்சம்தான். வில்லங்கச் சான்றைப் பதிவுத் துறை இணையதளத்தில் இலவசமாகவே பார்த்துக்கொள்ளலாம், சான்றிட்ட நகலுக்குத்தான் கட்டணம். சொத்து வரி, குடிநீர் வரி, மின்கட்டணம் பாக்கி இல்லாமல் கட்டி ரசீது வைத்துக்கொள்ள வேண்டும்.

சீராக இல்லாதபோதுதான் செலவு. அப்பா பெயரில் இருக்கும் பட்டா, இறந்துபோன பெரியப்பாவுக்கும் பங்கு உள்ள பூர்வீகச் சொத்து, காணாமல் போன தாய்ப் பத்திரம். இவை ஒவ்வொன்றும் மாதக்கணக்கில் இழுக்கும். பத்திரம் தொலைந்திருந்தால் போலீஸ் புகார், நாளிதழ் விளம்பரம், கண்டுபிடிக்க முடியவில்லை என்ற போலீஸ் சான்று என்று வரிசையாகப் போக வேண்டும். வாரிசுச் சான்று இல்லையென்றால் அது தனி அலைச்சல்.

இதில் புரோக்கர் எப்படி வருகிறார்? "பட்டா மாத்தற வேலையை நானே முடிச்சுத் தர்றேன், 25,000 குடுங்க" என்பார். பட்டா மாற்றத்துக்கு இ-சேவை மையத்திலோ இணையத்திலோ நீங்களே மனுப் போடலாம், அரசுக் கட்டணம் சொற்பம். மீதி அவருடைய அலைச்சலுக்கான கூலி, அல்லது வேறு எங்கோ போகும் பணம். வயதானவர்கள், வெளியூரில் இருப்பவர்கள் கூலி கொடுத்துச் செய்வதில் தப்பில்லை. கமிஷனோடு சேர்க்காமல் தனியாகப் பேசி, தனியாக ரசீது வாங்குங்கள்.

ஒரு வக்கீலிடம் ஆவணங்களை நீங்களே முதலில் காட்டிவிடுவது நல்லது. வாங்குபவரின் வக்கீல் குறை கண்டுபிடித்தால் அது விலைக் குறைப்பாக மாறும். உங்கள் வக்கீல் கண்டுபிடித்தால் சரிசெய்ய நேரம் கிடைக்கும்.

வீட்டின்மேல் வங்கிக் கடன் பாக்கி இருக்கிறது. அதற்குக் கட்டணம்?

மாறும் வட்டியில் தனிநபர் வாங்கிய வீட்டுக் கடனை முன்கூட்டி அடைக்க வங்கி அபராதம் வாங்கக் கூடாது. நிலையான வட்டி என்றால் கடன் ஒப்பந்தத்தைப் பாருங்கள். கடன் முடிந்து 30 நாளுக்குள் அசல் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும், வங்கியின் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2023இல் உத்தரவிட்டது. 2023 டிசம்பர் 1 முதல் அமலில் உள்ளது.

பலர் மறந்துவிடுவது இது: கடன் வாங்கும்போது சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திர ஒப்படைப்பு ஆவணம் பதிந்திருப்பீர்கள். கடன் அடைத்தபின் ரசீது ஆவணம் பதிந்தால்தான் வில்லங்கத்தில் அந்தக் கடன் தீர்ந்ததாகத் தெரியும். இதற்கும் கட்டணம் உண்டு.

அபார்ட்மெண்ட் சங்கத்துக்கு ஏதாவது கட்ட வேண்டுமா?

பராமரிப்புத் தொகை பாக்கி இல்லை என்ற கடிதம் வாங்க வேண்டியிருக்கும். சில சங்கங்கள் பெயர் மாற்றக் கட்டணம் வைத்திருக்கின்றன. விற்பவரா வாங்குபவரா என்பது அந்தச் சங்கத்தின் துணைவிதியில் இருக்கும். நீங்கள் கட்டியிருக்கும் பொது நிதி வைப்பு திரும்ப வருமா, வாங்குபவர் பெயருக்கு மாறுமா என்றும் கேளுங்கள். அதை விலையில் சேர்க்க மறந்துபோகிறவர்கள் உண்டு.

வாங்குபவர் 1 சதவீதம் பிடித்துக்கொண்டுதான் தருவேன் என்கிறார். புரோக்கர் வேலையா இது?

இல்லை, அது டிடிஎஸ், முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரி. விலையோ வழிகாட்டி மதிப்போ 50 லட்சத்தைத் தொட்டால் வாங்குபவர் 1 சதவீதம் பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டும். 80 லட்சத்துக்கு 80,000. ஐம்பதுக்கு மேற்பட்ட பகுதிக்கு மட்டும் அல்ல, முழுத் தொகைக்கும். அண்ணன் தம்பி இருவரும் சேர்ந்து ஆளுக்கு 40 லட்சம் என்று விற்றாலும் 2024 அக்டோபர் முதல் மொத்தத்தையும் சேர்த்தே பார்க்கிறார்கள்.

இது செலவு இல்லை. உங்கள் பான் எண்ணில் வரவாகும், ரிட்டர்ன் போடும்போது வரியில் கழியும், கூடுதலாக இருந்தால் திரும்ப வரும். பான் எண்ணோடு ஆதார் இணைந்திருக்கிறதா என்று மட்டும் முன்பே பார்த்துவிடுங்கள். செயலிழந்த பான் என்றால் பிடித்தம் 20 சதவீதமாகிவிடும்.

கடைசியில் வரி எவ்வளவு வரும்? கமிஷன் அதில் எவ்வளவு உதவும்?

நம் ஃபிளாட்டையே எடுத்துக்கொள்வோம். 2012-13இல் பத்திரச் செலவோடு 40 லட்சத்துக்கு வாங்கினீர்கள். 2025-26 நிதியாண்டில் 80 லட்சத்துக்கு விற்றீர்கள். கமிஷன், ஜிஎஸ்டி சேர்த்து 1,88,800, பில்லோடு.

இரண்டு ஆண்டுக்கு மேல் கையில் வைத்திருந்ததால் நீண்டகால ஆதாயம். 2024 ஜூலை 23க்கு முன் வாங்கிய சொத்து என்பதால் இந்தியாவில் வசிக்கும் தனிநபருக்கு இரண்டு வழி உண்டு, எது குறைவோ அதைக் கட்டலாம்.

முதல் வழி, 12.5 சதவீதம். 80 லட்சத்தில் கமிஷனையும் வாங்கிய விலையையும் கழித்தால் ஆதாயம் 38,11,200. வரி 4,76,400.

இரண்டாவது வழி, விலைவாசிக் குறியீட்டோடு 20 சதவீதம். 2012-13க்குக் குறியீடு 200, 2025-26க்கு 376. வாங்கிய 40 லட்சம் 75,20,000 ஆக உயரும். ஆதாயம் 2,91,200. வரி 58,240.

இரண்டுக்கும் மேல் 4 சதவீத செஸ் வரும். நாலு லட்சத்துக்கு மேல் வித்தியாசம்! புது விகிதமான 12.5 மட்டும்தான் என்று நினைத்துக் கட்டிவிட்டு வருபவர்கள் இருக்கிறார்கள், ஆடிட்டரிடம் இதைக் கேட்டே ஆகுங்கள். கமிஷன் பில் இல்லாமல் இரண்டாவது வழியில் போயிருந்தால் ஆதாயம் 4,80,000 ஆகி வரி 96,000 வந்திருக்கும். பில் ஒன்றால் 37,760 மிச்சம். ரொக்கமாகக் கொடுத்தால் கமிஷனைக் குறைக்கிறேன் என்றவரை இப்போது நினைத்துப் பாருங்கள்.

2001 ஏப்ரலுக்கு முன் வாங்கிய வீடு என்றால், வாங்கிய விலைக்குப் பதில் 2001 ஏப்ரல் 1 அன்றைய சந்தை மதிப்பை எடுத்துக்கொள்ளலாம். விற்ற இரண்டு ஆண்டுக்குள் வேறு வீடு வாங்கினாலோ மூன்று ஆண்டுக்குள் கட்டினாலோ பழைய வருமான வரிச் சட்டத்தின் 54ஆம் பிரிவில் விலக்கு உண்டு. ஆறு மாதத்துக்குள் 54இசி எனப்படும் வரிச்சேமிப்புக் கடன் பத்திரங்களில் 50 லட்சம் வரை போடலாம், ஐந்து ஆண்டு எடுக்க முடியாது. 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் அமலுக்கு வந்துவிட்டது, பிரிவு எண்கள் வேறு. ஆனால் ஆடிட்டரிடம் பழைய எண்ணைச் சொன்னாலே புரியும்.

நான் வெளிநாட்டில் இருக்கிறேன். எனக்கு வேறு கணக்கா?

ஆமாம். 1 சதவீதப் பிடித்தம் உங்களுக்குப் பொருந்தாது. 12.5 சதவீதமும் அதன் மேல்வரிகளும் பிடிப்பார்கள். ஆதாயம் எவ்வளவு என்பது வாங்குபவருக்குத் தெரியாததால் முழு விற்பனைத் தொகையிலும் பிடிப்பதே பாதுகாப்பு என்று அவருடைய ஆடிட்டர் சொல்வார். வருமான வரித் துறையிடம் குறைந்த பிடித்தச் சான்றிதழ் முன்கூட்டி வாங்கினால் தப்பிக்கலாம், அதற்குச் சில வாரம் ஒதுக்கிவிட்டு அக்ரிமெண்ட் தேதியைக் குறியுங்கள். குறியீட்டோடு 20 சதவீதம் என்ற வழியும் உங்களுக்குக் கிடையாது.

"ஒரு பவர் மட்டும் எழுதிக் குடுத்துடுங்க, மீதியை நான் பார்த்துக்கறேன்" என்கிறார் புரோக்கர்.

முடியாது என்று சொல்லுங்கள். விற்கும் அதிகாரத்தைப் புரோக்கர் கையில் கொடுத்தபின் விலை, பணம், வாங்குபவர் எதுவும் உங்கள் கட்டுப்பாட்டில் இல்லை. ஊருக்கு வரவே முடியாது என்றால் உடன்பிறந்தவர், பிள்ளைகள் பெயரில் எழுதுங்கள்.

புரோக்கரே இல்லாமல் விற்றால் மிச்சமா?

ஃபிளாட் என்றால் பெரும்பாலும் மிச்சம்தான். பக்கத்து பிளாக்கில் என்ன விலை போனது என்று தெரியும், சங்கத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டாலே நாலு பேர் கேட்பார்கள். நோபுரோக்கர், மேஜிக்பிரிக்ஸ், 99ஏக்கர்ஸ் போன்ற தளங்களிலும் போடலாம். போட்ட மறு நிமிடம் வரும் அழைப்புகளில் பாதி புரோக்கர்களிடமிருந்துதான், அதற்குத் தயாராக இருங்கள்.

பழைய தனி வீடு, பங்காளிகள் கையெழுத்துப் போட வேண்டிய சொத்து, பாதை வழக்குள்ள மனை என்றால் நல்ல புரோக்கருக்குக் கொடுக்கும் 1 சதவீதம் வீண் இல்லை. பேசாத அண்ணன் தம்பியை ஒரே மேஜையில் உட்கார வைக்கத் தெரிந்தவர் அவர். அந்த வேலையை எந்தச் செயலியும் செய்யாது.

சரி, புரோக்கரிடம் என்னதான் எழுதி வாங்குவது?

வக்கீல் நடையில் வேண்டாம். ஒரு பக்கம் போதும். இப்படி:

"இந்த முகவரியில் உள்ள என் ஃபிளாட்டை விற்றுத்தர இன்று முதல் 90 நாளுக்கு உங்களிடம் சொல்லியிருக்கிறேன். கேட்கும் விலை 80 லட்சம். கிரயப் பத்திரத்தில் எழுதும் விலையில் 1 சதவீதம் கமிஷன், ஜிஎஸ்டி இருந்தால் தனி. பத்திரம் பதிவாகி முழுத் தொகையும் என் கணக்குக்கு வந்த அன்று வங்கி வழியாகத் தருவேன். பதிவு நடக்காவிட்டால் கமிஷன் இல்லை. உங்களோடு வேலை செய்யும் மற்றவர்களுக்கு இதற்குள்ளேயே நீங்கள் பிரித்துக்கொடுக்க வேண்டும். வாங்குபவரிடம் நீங்கள் வாங்கும் கமிஷன் எவ்வளவு என்று எனக்குச் சொல்ல வேண்டும். அட்வான்ஸ் வாங்க உங்களுக்கு அதிகாரம் இல்லை. 90 நாளுக்குள் நீங்கள் காட்டியவர் அதற்குப் பின் மூன்று மாதத்துக்குள் வாங்கினால் இதே கமிஷன் உண்டு."

கையெழுத்துப் போடத் தயங்கினால் வாட்ஸ்அப்பில் அனுப்பி "சம்மதம்" என்று பதில் வாங்குங்கள். கடைசி வரி அவருக்காக. அது இருந்தால் மற்றவற்றுக்கு ஒத்துக்கொள்வார்.

பதிவு முடிந்தபின் எனக்கு ஏதாவது வேலை மிச்சமிருக்கிறதா?

கமிஷன் பில், வங்கிப் பரிமாற்றச் சான்று, கிரயப் பத்திர நகல், வாங்குபவர் தரும் டிடிஎஸ் சான்றிதழ் நான்கையும் ஒரே கோப்பில் வையுங்கள். பட்டா, சொத்து வரி, மின் இணைப்பு ஆகியவற்றில் பெயர் மாற்றுவது வாங்கியவர் வேலை. மாற்றிவிட்டாரா என்று இரண்டு மாதம் கழித்து ஒரு போன் போட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் அடுத்த அரையாண்டு சொத்து வரி நோட்டீஸ் உங்கள் பெயருக்கே வரும்.